பெயரில்லாதவர்களின் பதிவேடு: அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியும் அதன் வரலாற்றுச் சான்றுகளும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவாகும். நம் நாட்டு மாவட்டத்தோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். லவுண்ட்ஸில் பெரிய நகரம் எதுவும் இல்லை. அதன் தலைமையிடமான ஹெயின்வில் ஒரு சிற்றூர். 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 10,311 பேர் மட்டுமே. பருத்தி விளைந்த கரிய மண் காரணமாகக் 'கறுப்பு வலயம்' என்று பெயர் பெற்ற நிலப்பரப்பின் நடுவில் அது அமைந்துள்ளது.

இப்படிப்பட்ட ஒரு நாட்டுப்புறத்தின் வரலாற்றை எழுத விரும்புபவருக்கு அமெரிக்காவில் சான்றுகளுக்குக் குறைவில்லை. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்களை எண்ணவேண்டும் என்று அந்நாட்டின் அரசியலமைப்பே விதித்திருக்கிறது. 1790 முதல் அந்தக் கணக்கெடுப்பு தவறாது நடந்து வருகிறது. காணி உறுதிகள், மரண சாதனங்கள், திருமணப் பதிவுகள், வாக்காளர் இடாப்புகள், பத்திரிகைகள் என்று ஏனைய மூலங்களும் நிறைய உண்டு. ஆயினும் லவுண்ட்ஸின் ஏடுகளைப் புரட்டும்போது வேறொன்று புலப்படுகிறது. அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பான்மையினர் நெடுங்காலம் அந்த ஏடுகளில் எண்களாக மட்டுமே இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் கிடைத்த கதையே அக்கவுண்டியின் வரலாறு எனலாம்.

எல்லைகளிலிருந்து தொடங்குவோம். எந்த ஊரின் மக்கள்தொகையை ஆராய்வதாயினும் முதலில் கவனிக்கவேண்டியது இதுவே. இந்த நிலம் முன்னர் மஸ்கோகி எனப்படும் கிரீக் பூர்வகுடியினருக்கு உரியது. 1813 டிசம்பரில் இன்றைய லவுண்ட்ஸின் எல்லைக்குள் 'புனித நிலம்' என்ற அவர்களது குடியிருப்பு அமெரிக்கப் படையினரால் தாக்கி அழிக்கப்பட்டது. 1814இல் செய்யப்பட்ட ஜாக்சன் கோட்டை உடன்படிக்கை அவர்களிடமிருந்து பெரும் நிலப்பரப்பைப் பறித்தது. அக்காலத்தைப் பற்றி எழுத்தில் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி வென்றவர்களின் படை அறிக்கைகளும் கடிதங்களுமே. கவுண்டி 1830இல், அயலிலிருந்த மொன்ட்கோமரி, டலஸ், பட்லர் கவுண்டிகளின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. பின்னர் 1866இல் கிரென்ஷோ என்னும் புதிய கவுண்டி உருவானபோது லவுண்ட்ஸின் ஒரு பகுதி அதனோடு சேர்ந்தது. ஆகவே 1860ஆம் ஆண்டுத் தொகையையும் 1870ஆம் ஆண்டுத் தொகையையும் அருகருகே வைத்து, 'மக்கள் குறைந்துவிட்டார்கள்' என்று எழுதிவிட முடியாது. குறைந்தது மக்கள் மட்டுமா, நிலமுமா என்று பார்க்கவேண்டும். குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளைக் கையாள்வோர் அடிக்கடி தவறவிடும் நுணுக்கம் இது.

இனி அந்த அட்டவணைகளுக்குள் செல்வோம். 1860இல் லவுண்ட்ஸில் 27,716 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 8,362 பேர் வெள்ளையர். 14 பேர் சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர். எஞ்சிய 19,340 பேரும் அடிமைகள். அதாவது பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் மற்றவர்களின் உடைமை.

1850 முதல் சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் கணக்கெடுப்பில் எழுதப்பட்டது. அதற்கு முன்னர் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டு வந்தது. ஆனால் அடிமைகளுக்கென 1850இலும் 1860இலும் தனியான அட்டவணை இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிவரியாகக் குறிப்புகள் இருக்கும். பெயர் இருக்காது. முப்பது வயது, ஆண், கறுப்பு. இருபத்தைந்து வயது, பெண், கறுப்பு. மூன்று வயது, பெண், கலப்பு. ஒரு பக்கம் முழுவதும் இப்படியே நீளும். இவர்கள் கணவனும் மனைவியும் பிள்ளையுமா, ஒருவரையொருவர் அறியாதவர்களா என்பதை அந்தத் தாளிலிருந்து அறிய வழியில்லை. அரசு இவர்களை எண்ணியதற்கும் ஒரு காரணம் இருந்தது. அரசியலமைப்பின்படி ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணிக்கப்பட்டான். அவனை உடைமையாக வைத்திருந்த மாநிலத்துக்கு அந்தக் கணக்கினால் மக்கள் சபையில் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன.

அடிமைகளின் பெயரைத் தேடுபவர் போகவேண்டிய இடம் ஹெயின்வில்லில் உள்ள நீதிமன்றக் கட்டடம். அலபாமாவில் 'புரோபேட்' நீதிபதியின் அலுவலகமே காணி உறுதிகளையும் மரண சாதனங்களையும் திருமணப் பதிவுகளையும் காத்து வருகிறது. தோட்ட உரிமையாளர் ஒருவர் இறந்தால் அவரது ஆதனங்கள் அனைத்தும் மதிப்பிடப்பட்டு ஒரு பட்டியலில் எழுதப்படும். கோவேறு கழுதைகளுக்கும் ஏர்களுக்கும் கட்டில்களுக்கும் இடையே, முதற்பெயர் மட்டும் கொண்ட மனிதர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே டொலரில் விலை குறிக்கப்பட்டிருக்கும். சில பட்டியல்களில் தாயும் கைக்குழந்தையும் ஒரே விலையில் சேர்த்து எழுதப்பட்டிருப்பதுண்டு. மனம் கூசும் ஆவணம்தான். ஆனால் தன் முன்னோரைத் தேடும் கறுப்பினத்தவர் ஒருவருக்கு, குடிசன மதிப்பீடு தராத பெயரை இந்த விலைப்பட்டியலே தருகிறது. ஆவணத்தை எழுதியவரின் நோக்கம் ஒன்று, அதை நாம் வாசிக்கும் நோக்கம் வேறொன்று. வரலாற்றை ஆராய்பவர் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறார்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின்னர் ஏடுகளின் தன்மை மாறுகிறது. விடுதலை பெற்றோரின் நலனுக்காக அமைக்கப்பட்ட சமஷ்டிப் பணியகம் 1872 வரை இயங்கியது. தொழில் ஒப்பந்தங்கள், முறைப்பாடுகள், உணவுப் பங்கீடுகள் ஆகியவற்றை அது பதிந்து வைத்தது. 1867இல் அலபாமாவில் வாக்காளர்கள் புதிதாகப் பதிவு செய்யப்பட்டபோது, கறுப்பின ஆண்களும் முழுப் பெயரோடு அந்த ஏட்டில் இடம்பெற்றார்கள். இந்த ஏடுகள் மொன்ட்கோமரியில் உள்ள அலபாமா மாநில ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றன. 1901இல் நிறுவப்பட்ட அக்காப்பகம், அமெரிக்க மாநிலம் ஒன்று தனக்கென அமைத்த ஆவணக்காப்பகங்களுள் முதலாவதாகும்.

1870ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயர் சொல்லி எழுத முனைந்த முதலாவது கணக்கெடுப்பு. வம்ச வரலாறு தேடும் ஆபிரிக்க அமெரிக்கர்கள் அதனை ஒரு சுவருக்கு ஒப்பிடுவார்கள். பின்னோக்கி 1870 வரை வந்தவர்கள் அதைத் தாண்டிச் செல்வது அவ்வளவு கடினம். தென்மாநிலங்களில் அந்தக் கணக்கெடுப்பு பலரை விட்டுவிட்டது என்பதும் அறியப்பட்டதே. 1880ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் கேட்டது. எனவே குடும்பங்களை மீண்டும் பொருத்திப் பார்க்க அதுவே சிறந்த துணை.

அடுத்தது 1890. அந்த ஆண்டுக்குரிய தாள்கள் இன்று இல்லை. 1921 ஜனவரி 10ஆம் திகதி வாஷிங்டனில் வர்த்தகத் திணைக்களக் கட்டடத்தில் மூண்ட தீயில் அவற்றுள் பெரும்பகுதி எரிந்தும் நீரில் நனைந்தும் போயின. எஞ்சியவை 1930களில் காங்கிரஸின் அனுமதியோடு அழிக்கப்பட்டன. நாடு முழுவதுக்குமாக ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே தப்பின. அலபாமாவிலிருந்து தப்பியது பெரி கவுண்டிக்குரிய ஒரு சிறு துண்டு. லவுண்ட்ஸுக்கு ஒன்றுமில்லை. விடுதலைக்குப் பின் பிறந்த முதல் தலைமுறை வளர்ந்து, திருமணம் செய்து, இடம்பெயரத் தொடங்கிய காலம் அது. 1880க்கும் 1900க்கும் இடையிலான இருபதாண்டு வெற்றிடத்தைத் திருமணப் பதிவுகளாலும் வரி ஏடுகளாலும் தேவாலயக் குறிப்புகளாலும் சவக்காலைக் கல்வெட்டுகளாலுமே நிரப்பவேண்டியிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த நமக்கு, ஒரு தீ எத்தனை தலைமுறைகளின் நினைவைக் கொண்டுபோகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

தீயில் அழிந்ததைவிட வேதனை தரும் இழப்பொன்றும் லவுண்ட்ஸுக்கு நேர்ந்தது. கறுப்பின அறிஞர்களுள் தலைசிறந்தவரான டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் 1906இல் சமஷ்டி அரசின் தொழில் பணியகத்துக்காக இக்கவுண்டியில் விரிவான சமூக ஆய்வொன்றை மேற்கொண்டார். ஷார்லட் தோர்ன், மேபல் டில்லிங்ஹாம் என்ற இரு பெண்மணிகள் 1892இல் கல்ஹூன் என்ற இடத்தில் நிறுவிய கறுப்பினப் பாடசாலையே அந்த ஆய்வுக்குத் தளமாக அமைந்தது. ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். நில உடைமை, குத்தகை, கடன், கல்வி, குடும்பம், அரசியல் அதிகாரம் அனைத்தையும் கேட்டெழுதினார்கள். சில இடங்களில் துப்பாக்கிகளோடு எதிர்கொள்ளப்பட்டார்கள். ஆய்வை முடித்து டுபோய்ஸ் கையளித்தார். அரசு அதை வெளியிடவில்லை. அரசியல் விடயங்களைத் தொடுகிறது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். கையெழுத்துப் படியைத் திருப்பித் தருமாறு பின்னர் கேட்டபோது, அது அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதிலே கிடைத்தது. இதனைத் தம் சுயசரிதையில் டுபோய்ஸ் பதிந்திருக்கிறார்.

ஒரு நாட்டுப்புறக் கவுண்டியைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட மிக விரிவான ஆய்வுகளுள் ஒன்று இவ்வாறு மறைந்தது. எஞ்சியிருப்பவை அதைப் பற்றிய கடிதங்கள். அவை மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டுபோய்ஸின் ஆவணங்களோடு உள்ளன. 1911இல் அவர் வெளியிட்ட நாவலொன்றில் அந்தப் பருத்தி நிலத்தின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காணாமற்போன ஆவணமும் ஓர் ஆவணமே. எது அழிக்கப்பட்டது, யார் அழித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பவையெல்லாம் அக்காலத்தைப் பற்றிய சாட்சியங்களாகின்றன.

மொத்தத் தொகைகளுக்குத் திரும்பினால் இருபதாம் நூற்றாண்டின் கதையை அவற்றிலேயே காணலாம். 1900இல் 35,651 பேர். 1920இல் 25,406. 1950இல் 18,018. 1960இல் 15,417. இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு 1910இல் அலபாமாவை அடைந்தது. குத்தகை விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். வன்முறை ஓயவில்லை. வடக்கே தொழிற்சாலைகள் ஆட்களைத் தேடின. லவுண்ட்ஸிலிருந்து போனவர்களில் பலர் மோட்டார் நகரமான டெட்ரோயிட்டைச் சேர்ந்தார்கள்.

ஆகவே இக்கவுண்டியின் வரலாற்றுச் சான்றுகளில் ஒரு பகுதி அக்கவுண்டிக்கு வெளியே இருக்கிறது. சார்ள்ஸ் டென்பி என்ற புனைபெயரில் எழுதிய கார்த் தொழிலாளி ஒருவர் லவுண்ட்ஸில் பிறந்து டெட்ரோயிட்டில் வாழ்ந்தவர். 1952இல் வேறொரு புனைபெயரிலும், 1978இல் விரிவாக்கப்பட்டு டென்பி என்ற பெயரிலும் வெளிவந்த அவரது தன்வரலாறு, ஊரைப் பற்றி ஊரிலுள்ள எந்த அரச ஏடும் சொல்லாதவற்றைச் சொல்கிறது. புலம்பெயர்ந்து வாழும் நம் வாசகர்களுக்கு இது அந்நியமான செய்தியன்று. ஊரின் நினைவு ஊரைவிட்டுப் போனவர்களின் பெட்டிகளிலும் தங்கியிருக்கும்.

இரு ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது உண்மை எப்படி வெளிப்படும் என்பதற்கு லவுண்ட்ஸ் சிறந்த எடுத்துக்காட்டொன்றைத் தருகிறது. 1960ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி வாக்களிக்கும் வயதை அடைந்த வெள்ளையர் 1,900 பேர். வெள்ளையரல்லாதோர் 5,122 பேர். 1965இன் தொடக்கத்தில் வாக்காளர் இடாப்பில் இருந்த வெள்ளையர் 2,240 பேர். கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. சனத்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினராயிருந்தோருக்கு ஒரு வாக்கும் இல்லை. மறுபுறத்தில் இருந்தவர்களைவிட வாக்காளர்கள் அதிகம். இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் இடாப்பில் உயிரோடிருந்தார்கள். இரண்டு ஏடுகளையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரண அரசாங்க ஏடுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை ஒரு குற்றப்பத்திரிகை.

1965ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் உலகறிந்தவை. செல்மாவிலிருந்து மொன்ட்கோமரிக்குச் சென்ற வாக்குரிமைப் பேரணி லவுண்ட்ஸின் ஊடாகவே நடந்து சென்றது. பேரணி முடிவுற்ற மார்ச் 25ஆம் திகதி இரவு, டெட்ரோயிட்டிலிருந்து வந்து உதவிய வயோலா லியுஸோ என்ற பெண்மணி இக்கவுண்டியின் நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20ஆம் திகதி ஜொனதன் டானியல்ஸ் என்ற இளம் இறையியல் மாணவர் ஹெயின்வில்லில் சுடப்பட்டு இறந்தார். அவரைச் சுட்டவரை வெள்ளை ஆண்களை மட்டுமே கொண்ட யூரர் குழு விடுதலை செய்தது. யூரர் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவரையும் பெண்களையும் விலக்கியதை எதிர்த்து லவுண்ட்ஸ் மக்கள் தொடுத்த வழக்கில், அந்த விலக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1966இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் கோப்புகள் கவுண்டியின் அன்றைய சமூக அமைப்பைக் காட்டும் கண்ணாடி.

இக்காலத்தை ஆராய்பவருக்கு வேறு வகையான மூலங்கள் கைகொடுக்கின்றன. மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர்கள் அனுப்பிய அறிக்கைகள் உள்ளன. அக்குழுவின் ஆய்வுப் பிரிவு கவுண்டி மட்டத்தில் கட்சி அமைக்க இடமளிக்கும் பழைய மாநிலச் சட்டமொன்றைத் தேடி எடுத்தது. அதன்படி உருவான லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு கருஞ்சிறுத்தையைத் தன் சின்னமாகக் கொண்டது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1966இல் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சிக்குப் பெயர் இங்கிருந்தே போனது. ஏட்டைப் புரட்டும் வேலையும் போராட்டத்தின் ஒரு பகுதியே என்பதற்கு இது சான்று.

பத்திரிகையாளன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த இன்னொரு மூலம் 'சதர்ன் கூரியர்' என்ற வாரப் பத்திரிகை. 1965 முதல் 1968 வரை மொன்ட்கோமரியைத் தளமாகக் கொண்டு வெளிவந்த இப்பத்திரிகை, உள்ளூர் ஏடுகள் எழுதாமல் விட்டவற்றை எழுதியது. வாக்காளராகப் பதிந்ததற்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரமடித்து வாழ்ந்த செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் உள்ளன. அந்தக் கூடார நகர் இருந்த இடத்தில் தேசியப் பூங்காச் சேவை 2006இல் ஒரு வரலாற்று நிலையத்தைத் திறந்தது. ஹசன் குவாமே ஜெஃப்ரீஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மூலங்களையெல்லாம் ஒன்றிணைத்து எழுதப்பட்டது.

இன்று இவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். குடிசன மதிப்பீட்டின் தனிநபர்த் தாள்கள் 72 ஆண்டுகள் இரகசியமாக வைக்கப்பட்ட பின்னரே வெளியிடப்படும். அவ்வகையில் 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின. 1960க்குரியவை 2032இல் வெளியாகும். வாக்கில்லாத அந்த 5,122 பேரின் பெயர்களையும் வீடு வீடாகப் படிக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும்.

கேட்கப்படாத கேள்விக்கு ஏட்டில் விடை இருக்காது என்பதையும் இங்கு சொல்லவேண்டும். கறுப்பு வலயத்தின் களிமண் நீரை உறிஞ்சாது. ஆகவே லவுண்ட்ஸில் மலக்குழிகள் செயலிழந்து கழிவுநீர் முற்றத்தில் தேங்குகிறது. வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியைப் பத்தாண்டுக் கணக்கெடுப்பு கடைசியாகக் கேட்டது 1990இல். அதன்பின் அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. எத்தனை வீடுகள் என்ற கணக்கை உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களே வீடு வீடாகச் சென்று திரட்டவேண்டியதாயிற்று. 2017இல் வெளியான சிறியதோர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்கினரிடம் கொக்கிப்புழுவின் தடயம் காணப்பட்டது. 2021இல் நீதித் திணைக்களம் விசாரணை தொடங்கியது; 2023இல் உடன்பாடு ஏற்பட்டது; 2025 ஏப்ரலில் அந்த உடன்பாட்டை அதே திணைக்களம் முடிவுக்குக் கொண்டுவந்தது. டுபோய்ஸின் ஆய்வுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இதனை முற்றிலும் புதிய கதையாகக் கொள்ளமாட்டார்கள்.

விடுதலை அமைப்பை நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஜோன் ஹியூலெட். 1965 மார்ச்சில் லவுண்ட்ஸில் முதன்முதலாக வாக்காளராகப் பதியப்பட்ட கறுப்பினத்தவர் இருவருள் அவர் ஒருவர். 1970இல் அவர் கவுண்டியின் ஷெரீப்பாகத் தெரிவானார். இருபதாண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தபின், புரோபேட் நீதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். காணி உறுதிகளும் மரண சாதனங்களும், மனிதர்களுக்கு விலை குறித்த ஆதனப் பட்டியல்களும் அவரது பொறுப்பில் வந்தன. அந்த ஏடுகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பது மாறியிருந்தது.